மலைநாட்டாரின் கடற்கரை யாத்திரை

சென்னைப் பட்டணத்தில் முற்காலத்தில் பரீட்சையும் பட்டமும் இல்லாத இரண்டு "காலேஜ்"கள் இருந்தன. மிருகக் காட்சி சாலைக்கு "உயிர் காலேஜ்" என்று பெயர்; எழும்பூர்ப் பொருட்காட்சி சாலைக்குச் "செத்த காலேஜ்" என்று பெயர். 1855-ஆம் ஆண்டு முதல் சில காலம் இரண்டும் ஒரே தோட்டத்தில் இருந்தவை. பெயரிட்டவர் யாரோ, பொல்லாத மனிதர். ஆனாலும் அவர் சொன்னதில் உண்மை இல்லாமற் போகவில்லை. கடற்கரைக்கு விடுமுறை போகும் நம் குடும்பங்கள் ஒரு பொருட்காட்சி சாலைக்குள் எப்படிப் போய்வருகின்றன என்று கவனியுங்கள். உச்சி வெயிலுக்கு ஒதுங்குவதற்காக உள்ளே நுழைகிறார்கள். "தொடாதே", "ஓடாதே" என்ற இரண்டு வார்த்தைகளைத் தவிரக் குழந்தைகளுக்கு வேறு உபதேசம் கிடையாது. இருபது நிமிஷத்தில் பன்னிரண்டு அறைகளையும் சுற்றிவிட்டு, வெளியே வந்து சோடா குடிக்கிறார்கள். அந்த மாதிரி பார்த்தால் எந்தக் காலேஜும் செத்த காலேஜ்தான்.

இந்த வாரம் இவ்விஷயத்தை எழுதத் தூண்டியது ஜவ்வாது மலையிலுள்ள நெல்லிவாசல்நாட்டிலிருந்து வந்த ஒரு கடிதம். எழுதியவர் ஓர் உபாத்தியாயர். தம் குடும்பத்தோடும் அண்டை வீட்டாரோடும் கடலையே கண்டிராத சில பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, ஐந்து நாள் கடற்கரைக்குப் போய்வர எண்ணியிருக்கிறார். "கடலில் குளிப்பதைத் தவிர என்னென்ன பார்க்கலாம்?" என்பது அவருடைய முதற் கேள்வி. அதற்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாவது கேள்விதான் என்னை நிறுத்திவிட்டது. "கோட்டையும் கோவிலும் கண்ணாடிப் பெட்டியும் பார்த்துத் திரும்பும் பிள்ளைகள், 'நம் மலையில் என்ன இருக்கிறது? சாமையும் புளியுந்தானே!' என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?" என்று எழுதியிருக்கிறார்.

ஐயா, அந்தக் கேள்விக்குப் பதில் கடற்கரைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. ஆகையால் வழியிலிருந்தே தொடங்குகிறேன்.

மலையிறங்கித் திருப்பத்தூர் சேர்ந்தபின், சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று புதுச்சேரிக்குச் சாலை போகிறது. செங்கத்தை வெறும் காப்பி குடிக்கும் ஊராகக் கடந்துவிட வேண்டாம். உங்கள் மலையில் பிறக்கும் செய்யாற்றையும், இந்தச் செங்கத்தில் ஆண்ட நன்னனையும் பாடுவதே "மலைபடுகடாம்" என்னும் பழைய நூல். அது ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தது. அதாவது, இன்ன வழியே போ, இன்னின்ன காண்பாய், இன்ன இடத்தில் சோறு கிடைக்கும் என்று ஒரு கூத்தன் மற்றொரு கூத்தனுக்குச் சொல்வது. இந்தப் பக்கத்தில் நான் வாரந்தோறும் செய்கிற காரியமும் அதுதான். பரிசில் கொடுக்க நன்னன் இல்லை என்பதொன்றே வித்தியாசம்.

செங்கத்தைச் சுற்றிலும் நடுகற்கள் ஏராளம். ஆநிரை காத்தோ ஊரைக் காத்தோ மாண்ட வீரனுக்கு நாட்டிய கற்கள் அவை. வில்லும் வாளும் ஏந்திய உருவமும், எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டில் யார் எதற்காக மாண்டான் என்ற வாசகமும் அவற்றில் இருக்கும். தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையார் 1972-ஆம் ஆண்டில் "செங்கம் நடுகற்கள்" என்ற பெயரால் இவற்றை ஒரு புத்தகமாக்கி வெளியிட்டார்கள், பதிப்பித்தவர் நாகசாமி. அவற்றுள் எடுத்தனூரில் கிடைத்த கல் ஒன்று உண்டு. மகேந்திரவர்ம பல்லவனுடைய 34-ஆவது ஆட்சியாண்டில், எருமைகளின் பொருட்டு நேர்ந்த சண்டையில் கருந்தேவகத்தி என்பவன் மாண்டான். அவனுக்குக் கோவிவன் என்று ஒரு நாய் இருந்தது. எஜமானன் விழுந்த பிறகும் அது ஓடிப்போகவில்லை. கள்வரைக் கடித்துக் காத்து நின்றது. ஊரார் அந்த வீரனைச் செதுக்கியதோடு நில்லாமல், பக்கத்தில் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் கல்லில் வெட்டிவைத்தார்கள்.

கல்லைத் தேடி அலைய வேண்டாம். கதையை வண்டியில் சொன்னால் போதும். ஆனால் பிள்ளைகள் ஒன்றை மறக்காமல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மகேந்திரவர்மனின் குமாரன்தான் மாமல்லன் என்ற நரசிம்மவர்மன். நான்கு நாள் கழித்து மாமல்லபுரத்தில் நிற்கும்போது இந்த நாய் நமக்குத் தேவைப்படும்.

புதுச்சேரிக்கு இரண்டு நாள் ஒதுக்கலாம். கடலை முதல் நாளே காட்டிவிடுங்கள்; கடலைக் காணாத பிள்ளையிடம் சரித்திரம் பேசுவது பசித்தவனிடம் இலக்கணம் பேசுவது போலாகும். கரையோரத்துப் பாறைகளின் மீது ஏறவிடக் கூடாது. நீரில் இறங்குவதானால் ஊர்க்காரர் இறங்கும் இடத்தில் மட்டும் இறங்கவேண்டும். மலைப் பிள்ளைகள் சுனையில் நீந்தக் கற்றிருக்கலாம். கடலின் இழுப்பு வேறு.

மறுநாள் காலையில் வெயில் ஏறுமுன் அரிக்கமேட்டுக்குப் புறப்படுங்கள். பட்டணத்துக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் இருக்கிறது. போய்ப் பார்த்தால், "இதற்கா இவ்வளவு தூரம்?" என்று தோன்றும். தென்னையும் மாமரமும், பழைய பாதிரிமார் கட்டடம் ஒன்றின் இடிந்த சுவர்களும்தான் கண்ணுக்குத் தெரியும். பார்க்கவேண்டியது காலடியில் இருக்கிறது. அந்த மேட்டில் மழை பெய்து மண் கரைந்தால் மணிகள் வெளிப்படும். அவற்றை அவ்வூர்ச் சிறுவர்கள் பொறுக்கி வைத்துக்கொள்வது வழக்கம். 1937-ஆம் ஆண்டில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பண்டிதர் அச்சிறுவர்களிடம் காசு கொடுத்து மணிகளை வாங்கினார். அங்கே அவருக்குக் கிடைத்தவற்றுள் ஒன்று, ஒரு மனிதனின் தலை செதுக்கிய இரத்தினக்கல். ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் உருவமென்று அவர் கருதினார்.

அப்புறம் நடந்தது இன்னும் ருசிகரமானது. 1941-ல் சென்னைப் பொருட்காட்சி சாலையைச் சேர்ந்த ஐயப்பன் அங்கே தோண்டிப் பார்த்தார். 1944-ல் இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தலைவராக வந்த வீலர் என்ற ஆங்கிலேயர் எழும்பூரில் ஓர் அலமாரியைத் திறந்தார். உள்ளே உடைந்த ஜாடியின் கழுத்தும் கைப்பிடியும் கிடந்தன. மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை மதுவும் எண்ணெயும் நிரப்பி அனுப்பும் ஜாடி அது என்று அவருக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. 1945-ல் அரிக்கமேட்டில் பெரிய அளவில் அகழ்ந்தார். இத்தாலி தேசத்துச் சிவப்புப் பளபளப்பு ஓடுகளும், தமிழ் எழுத்துப் பொறித்த நம் பானை ஓடுகளும் அடுத்தடுத்து வெளிவந்தன. செத்த காலேஜ் என்று நாம் சொன்ன கட்டடத்தின் அலமாரிக்குள் இந்தத் தேசத்துச் சரித்திரத்தின் ஓர் அத்தியாயம் கிடந்திருக்கிறது.

வீலர் அதை ரோமானியர் சம்பந்தமான வியாபாரத் தலமாகவே பெரிதும் பேசினார். வெள்ளைக்காரர் கால் வைத்த பிறகுதான் நம் ஊர்களுக்கு விமோசனம் என்று நினைத்துப் பழகிய காலம் அது! 1989-க்கும் 1992-க்கும் இடையில் மறுபடி நடந்த அகழ்வில், ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, அந்த வியாபாரம் ஓய்ந்த பின்னரும் இருந்தது என்று தெரியவந்தது. நம்மவர் மணி செய்து விற்ற சந்தைக்கு அவர்கள் வாங்க வந்தார்கள், அவ்வளவே.

இந்த மேட்டின் செங்கற்களைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கண்டு குறித்தவர் லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வான சாஸ்திரி. அவருடைய கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சூரியனைச் சுக்கிரன் குறுக்கே கடப்பதைப் பார்ப்பதற்காகப் புதுச்சேரியை நோக்கிக் கப்பலேறினார். 1761-ல் அது நிகழ்ந்தபோது ஊர் ஆங்கிலேயர் கையில் சிக்கிவிட்டபடியால் அவர் நடுக்கடலில் இருந்தார். மனம் தளராமல் எட்டு வருஷம் கீழ்த்திசையிலேயே காத்திருந்தார். 1769 ஜூன் மாதத்தில் புதுச்சேரியில் கருவிகளையெல்லாம் நிறுத்தித் தயாராக இருந்தபோது மேகம் மூடிக்கொண்டது. பாவம்! உங்கள் ஜவ்வாது மலையிலேயே, காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் கண்ணாடி பொருத்திய பெரிய தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் நினைவூட்டலாம்.

அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும் ஓடுகளையும் புதுச்சேரிப் பொருட்காட்சி சாலையில் காணலாம். மேட்டைப் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பார்ப்பதுதான் முறை. பெட்டியை முதலில் பார்த்தால் மணி வெறும் மணிதான். அங்கே பல்லக்கும் வண்டியும் பழைய மேஜை நாற்காலிகளும் நிறைய உண்டு. அவற்றின் முன் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள் போதும். அதைப் பார்த்து ஒரு காகிதத்தில் வரையச் சொல்லுங்கள். கோணலாக வரைந்தாலும் அது கண்ணை விட்டுப் போகாது.

மாலையில் ஈசுவரன் தர்மராஜா கோவில் தெருவுக்குப் போங்கள். பாரதியார் குடியிருந்த வீடு அங்கே நினைவாலயமாக இருக்கிறது. 1908-ல் பிரிட்டிஷ் சர்க்காரின் கைக்கு அகப்படாமல் புதுச்சேரி வந்தவர் பத்து வருஷம் இந்த ஊரில் கழித்தார். "பாஞ்சாலி சபத"மும் "குயில் பாட்டு"ம் பிறந்தது இந்த வாசத்தில்தான். 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூரில் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். அந்த வீட்டில் பேசாமல் கால் மணி நேரம் உட்கார்ந்தாலே போதும். வழிகாட்டி எவரும் வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிப் போகலாம். கடப்பாக்கத்தருகே ஆலம்பரைக் கோட்டை நீரோரத்தில் இடிந்து நிற்கிறது. 1750-ல் டூப்ளேக்கு வெகுமதியாக வந்தது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மிச்சத்திலும் கொஞ்சம் கொண்டுபோயிற்று. கைக்கு எட்டியதைப் பெயர்த்துக் கொண்டுபோகும் மனிதர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அரை மணி நேரம் போதும்.

அதற்கும் வடக்கே பாலாற்றுப் பாலம் வரும். அங்கே வண்டியைச் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் மணல்தான் இருக்கும். அந்த மணல் வழியே கடலுக்குப் போகவேண்டிய நீரில் ஒரு பங்கு உங்கள் மலையினுடையது. செய்யாறு பாலாற்றில் கலந்து, வாயலூருக்கருகில் கடல் சேர்கிறது. வாயலூரில் இராஜசிம்ம பல்லவன் தன் வம்சாவளியை ஒரு தூணில் வெட்டிவைத்திருக்கிறான். பிரமதேவரிடமிருந்து தொடங்கி மூச்சு முட்டும்படி பெயர்கள் போகின்றன. எடுத்தனூர்க் கல்லில் ஒரு நாயின் பெயர். இங்கே ஒரு ராஜ வம்சத்தின் பெயர்கள். எது மனத்தில் தங்குகிறது என்று பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள்.

பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் துணி வாங்கிக் கப்பலேற்றிய துறை. கோட்டைக்குள் அவர்களுடைய கல்லறைகள் உண்டு. மூடுகற்களில் சித்திர வேலை அழகாயிருக்கும். 1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கரைக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலேயக் கப்பற்படையும் சண்டையிட்டன. நம் கடலில், நம் நெசவுக்காக, அந்நியர் இருவர் அடித்துக்கொண்டார்கள். கரையிலிருந்து பார்த்த செம்படவர்கள் என்ன நினைத்தார்களோ, அதை எவரும் எழுதிவைக்கவில்லை.

மாமல்லபுரத்தில் இரண்டு இரவு தங்குவது நல்லது. உலகப் பாரம்பரியச் சின்னமாக 1984-ல் ஏற்கப்பட்ட இடம். அதனால் கூட்டமும் சங்குமாலை வியாபாரமும் அதிகம். சூரியோதயத்துக்குப் பின் முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய தவச் சிற்பத்தின் முன் நில்லுங்கள். அர்ஜுனன் தவமா, பகீரதன் தவமா என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த வாதம் வேண்டாம். ஒற்றைக் காலில் நிற்கும் முனிவரைப் பார்த்துத் தானும் கை தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதன் காலடியில் விளையாடும் எலிகளையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதே விஷயத்தைச் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட பாறையும் அவ்வூரிலேயே உண்டு. என்னைக் கேட்டால் முடிந்த சிற்பத்தைவிட முடியாததுதான் சிறந்த உபாத்தியாயர். பாறையைப் பிளப்பதற்காக வரிசையாக வெட்டிய சிறு குழிகளை ஆங்காங்கே காணலாம். உளி எங்கே தொடங்கியது, கை எங்கே நின்றது என்று அந்தக் கற்கள் சொல்லும்.

இப்போது கோவிவனை நினைவூட்டுங்கள். ஏறக்குறைய ஒரே காலம். ஒரே பல்லவ நாடு. இங்கே அரசன் பொருள் கொடுக்க, கைதேர்ந்த சிற்பிகள் கங்கையையே கல்லில் இறக்கினார்கள். அங்கே மலையடிவாரத்தில் ஓர் ஊரார் தங்களால் இயன்ற உளியைக் கொண்டு ஒரு நாயின் நன்றியைச் செதுக்கினார்கள். கைத்திறத்தில் இரண்டும் ஒன்றென்று சொல்ல மாட்டேன்; அது பொய்யாகும். ஆனால் தவப்பூனை யாருடைய பூனை என்று நமக்குத் தெரியாது. கோவிவன் யாருடைய நாய், எந்த ஆண்டில், எதற்காக நின்றது என்று தெரியும். பிள்ளைகள் "நம் மலையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், இந்த இடத்தில் பதில் சொல்லுங்கள். திருப்பத்தூர், செங்கம், தருமபுரி பக்கங்களில் நடுகற்களை வேடியப்பன் என்று ஜனங்கள் பூஜித்து வருகிறார்கள். அந்தப் பூஜை இல்லையேல் அவற்றிற் பாதி துணி துவைக்கும் கல்லாகியிருக்கும். அவற்றைப் பெயர்த்துப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்த வேண்டும் என்ற கட்சியில் நான் இல்லை. நின்ற இடத்தில் நிற்கட்டும். ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதன் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். நிலத்தை உழும்போது காசோ சிலையோ அகப்பட்டால், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. அரிக்கமேட்டுச் சிறுவர்களுக்கு இதைச் சொல்வார் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தையும் விட்டுவிட வேண்டாம். ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபின் ஒரு பாறையில் கல்வெட்டுத் தெரிந்தது. அதைத் தொடர்ந்து தொல்பொருள் துறையார் தோண்டி முருகன் கோவில் ஒன்றை வெளிக்கொணர்ந்தார்கள். மேலே பல்லவர் காலத்துக் கருங்கல், கீழே அதற்கும் முந்திய செங்கல். ஆலம்பரையை இடித்த அதே கடல் இங்கே ஒரு கோவிலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

இன்னும் ஒரு நாள் கையிலிருப்பவர்கள் சென்னைக்கு ஏறிச் சென்று கோட்டைப் பொருட்காட்சி சாலையைப் பார்க்கலாம். 1947 ஆகஸ்டு 15 அன்று கோட்டைக் கொடிமரத்தில் ஏறிய மூவர்ணப் பட்டுக்கொடி அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, போய் ஏமாறாதீர்கள்.

ஐந்தாம் நாள் ஊர் திரும்பும்போது வந்த வழியே போகாமல், செங்கற்பட்டு வழியாகப் பாலாற்றை ஒட்டிக் காஞ்சிபுரம் போகும்படி யோசனை சொல்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. மலைநாட்டார் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1909-ல் வெளிவந்த பெரிய நூலொன்றில் தர்ஸ்டன் அந்த வரலாற்றைப் பதிவு செய்திருக்கிறார். அவர் எழும்பூர்ச் செத்த காலேஜுக்குத் தலைவராயிருந்தவர்!

காஞ்சிக்கு முன்னால் திருமுக்கூடல். பாலாறும் வேகவதியும் உங்கள் செய்யாறும் கூடும் இடம். அங்குள்ள பெருமாள் கோவிற் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு இருக்கிறது. அவன் 1063 முதல் 1070 வரை ஆண்டவன். அக்கோவிலைச் சார்ந்து நடந்த பாடசாலைக்கும், பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலசாலைக்கும் என்னென்ன செலவு என்று அந்தக் கல் கணக்குச் சொல்கிறது. வைத்தியருக்கு இவ்வளவு, சத்திர சிகிச்சை செய்பவனுக்கு இவ்வளவு, நோயாளிகளுக்கு மருந்து ஊட்டும் பெண்டுகளுக்கு இவ்வளவு, மூலிகை கொண்டு வருவோர்க்கு இவ்வளவு என்று நெல்லும் காசும் குறித்திருக்கிறது. வருஷந்தோறும் சேமிக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. அதில் கடுக்காய் சேர்ந்த மருந்துகள் வருகின்றன. அந்த மூலிகைக்காரர்கள் எந்த மலையில் கடுக்காய் பொறுக்கினார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. நெல்லிவாசல்நாட்டுப் பிள்ளைகள் தாராளமாக ஊகித்துக்கொள்ளலாம்.

காலை வேளையில் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நடை சாத்தியிருந்தால் ஆற்று மணலில் காத்திருக்க நேரிடும். கையோடு ஒரு டார்ச் விளக்கு இருந்தால், பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து எழுத்துக்களைப் பார்க்கலாம். சுவரில் சுண்ணாம்போ மாவோ தேய்த்து எழுத்தைத் தெளிவாக்க முயல்வோரைக் கண்டால் தடுத்துவிடுங்கள்.